செண்பகத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா?

1

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எதிர் பிளாக்கிலிருந்து ஒரு நல்ல மனுஷி வந்தார். கையில் வீடியோ கேசட். "புதுசா வந்த கேசட்டுக்கா. வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. உங்க ஊர்ப் பக்கம் பிய்ச்சுக்கிட்டு ஓடுச்சாம்" என்றார். அட்டையைப் பார்த்தேன். வெள்ளைச் சேலை கட்டி, சவுரி வைத்து, மீசையை மட்டும் எடுக்காத ஒரு தடியன் மரக்கிளையில் தொங்கிக்கொண்டு பல்லைக் காட்டினான். உள்ளே வாங்க என்றுகூட நான் சொல்லவில்லை. "எங்க வீட்ல டெக்கு ரிப்பேர்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே அதே டெக்கில் என் மகள் மாலினி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

சிங்கப்பூருக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. பொய் சொல்லிக் கதவைச் சாத்தும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அந்தப் படத்தால் போன வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன் பெயரைக்கூட இங்கே எழுத மாட்டேன். நாளிதழில் விளம்பரம் பார்த்தால் அந்தப் பக்கத்தில்தான் மீன் கழுவிய கழிவைக் கொட்டி மடிக்கிறேன்.

ஒரு பேய்ப் படத்துக்காக அண்ணனும் தம்பியும் பேசாமல் இருப்பார்களா என்று கேட்பீர்கள். போடிநாயக்கனூரில் இருப்பார்கள். எட்டு மாதம் இருந்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நான் என் மகளுக்குக் காது குத்த ஊருக்குப் போய் இறங்கினேன்.

2

தப்பு எங்கள் வீட்டில்தான் ஆரம்பித்தது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் இங்கே தொலைக்காட்சியில் வாரம் ஒரு நாள் 'கணக்கில் ஒருத்தி' என்று ஒரு தொடர் வந்தது. ரப்பர்த் தோட்டத்துக் கதை. செண்பகம் என்கிற பால்வெட்டுக்காரி செத்துப்போகிறாள். மறுநாள் காலைப் பெரட்டில் கங்காணி ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணினால் ஓர் ஆள் கூடுதலாக வருகிறது. திரும்ப எண்ணினாலும் கூடுதல். அவ்வளவுதான் பேய். கத்தாது, பறக்காது, யாரையும் அடிக்காது. பதின்மூன்று வாரமும் அவள் முகத்தைக் காட்டவே இல்லை. ஈர மண்ணில் ஒரு சோடி வெறுங்கால் தடம் மட்டும் தெரியும். எங்கள் பிளாக்கில் சீனப் பாட்டிகள்கூட மொழி புரியாமல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். எதையும் பாதியில் விடமாட்டார். பதின்மூன்று வாரத்தையும் கேசட்டில் பிடித்து வைத்தார். எண்பத்து நாலில் ஊருக்குப் போனபோது அண்ணன் வீட்டுக்கென்று ஒரு டெக்கையும் அந்தக் கேசட்டுகளையும் தூக்கிக்கொண்டு போனோம். மெட்ராஸ் விமான நிலையத்தில் டெக்கைப் பாஸ்போர்ட்டில் எழுதி முத்திரை குத்துவதற்கு அரை நாள். கேசட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பேய் என்றேன். அது பாரத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. ஆபாசம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று ஓர் அதிகாரி முதல் கேசட்டைப் போட்டார். போட்டவர் நிறுத்தவில்லை. முழுதாகப் பார்த்துவிட்டு, "அப்புறம் அந்தம்மா என்ன ஆச்சு?" என்று என்னிடமே கேட்டார். மாலினிக்கு அப்போது மூன்று வயது. பசியில் கத்திக்கொண்டிருந்தாள்.

போடியில் அந்தத் தொடர் பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? ஏலத் தோட்டத்திலும் காலையில் பெரட்டு உண்டு, எண்ணுகிற ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க மலையிலிருந்து இறங்குகிற தோட்டத்து ஆட்கள் எங்கள் அண்ணன் வீட்டில் வந்து கூடிவிடுவார்கள். கூடம் கொள்ளாமல் வாசல் வரை நிற்பார்கள்.

அண்ணன் மலைச்சாமிக்கு அது வேறு விதமாகப் பிடித்தது. பேச்சி மதினி, அவருடைய மனைவி, அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இறந்துபோனார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கும்போது விரியன் கடித்துவிட்டது. அவரை ஜீப்பில் கிடத்திப் பதினேழு வளைவும் இறக்கிக்கொண்டு வந்தவன் என் தம்பி வீரணன். போடிக்குள் நுழைவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் அன்றைக்கு வீரணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை, பொல்லாததாகவும் சொல்லவில்லை. அதன் பிறகும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அவர் பெரட்டுக் காட்சி வந்ததும் கேசட்டை நிறுத்துவார். திருப்பி ஓட்டுவார். மறுபடி பார்ப்பார். "என்னண்ணே, தேய்ஞ்சுபோகும்ல" என்றேன் ஒரு நாள்.

"கணக்குல வர்றாள்ல தாயி. அது போதும்ல" என்றார்.

வீரணன் மட்டும் கேசட்டைப் போட்டாலே எழுந்துபோய் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். ரசனை கெட்டவன் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

3

காது குத்துவதை ஒற்றைப்படை வயதில்தான் செய்யவேண்டும். மாலினிக்கு ஒரு வயதில் மதினி சாவு. மூன்று வயதில், அந்த டெக்குப் பயணத்தில், ஊரில் போய் இறங்கிய நான்காம் நாள் அம்மை போட்டது. ஐந்து வயதில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஏழையும் விட்டால் அப்புறம் ஒன்பது. அதற்குள் அவளே தன் சிநேகிதிகளோடு கடைத்தெருவுக்குப் போய்க் குத்திக்கொண்டு வந்துவிடுவாள்.

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஒரு சீனப் பெண்மணி. கெட்டவர் இல்லை. லீவு பாரத்தில் காரணத்தைப் படித்துவிட்டு, தன் காதைத் தொட்டுக் காட்டி, இதற்கு ஷாப்பிங் சென்டரில் இரண்டு நிமிஷம் ஆகும், உனக்குப் பதினான்கு நாள் எதற்கு என்றார். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும் என்று எப்படிச் சொல்வது? மடிக்கு இங்கிலீஷில் என்னவென்று அந்த நேரம் வாயில் வரவில்லை. "என் அண்ணனுடைய கால் வேண்டும்" என்று சொல்லிவைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. அண்ணனுக்கு ஏதோ ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்ததும் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்றேன்.

எங்கள் பக்கத்து முறை இதுதான்: மூத்த மாமன் மடியில் பிள்ளை உட்காரவேண்டும், இளைய மாமன் முன்னால் நின்று பிள்ளையின் கையைப் பிடிக்கவேண்டும். மாமன் இருந்தும் வராவிட்டால் அதைவிடக் கேவலம் பிள்ளைக்கு இல்லை. இங்கே என் மகள் டாக்சி ஓட்டுகிறவரை அங்கிள் என்கிறாள், லிப்டு ரிப்பேர் பார்க்கிறவரை அங்கிள் என்கிறாள், பள்ளிக்கூடத்து வாட்ச்மேனை அங்கிள் என்கிறாள். அவளுக்கே அவளுக்கென்று இரண்டு மாமன் இருக்கிறார்கள் என்று அவள் காதிலாவது ஏறட்டும் என்றுதான் நான் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்.

டிக்கெட் எடுத்த வாரம் இரண்டு கடிதம் வந்தது. அண்ணன் எழுதியிருந்தார்: "உன் தம்பி நிற்கும் இடத்தில் நான் நிற்கமாட்டேன்." உன் தம்பியாம். வீரணன் எழுதியிருந்தான்: "ஒன் அண்ணன் என் ஜீப்புல ஏறமாட்டாராம். நடந்தே வரட்டும்." என்ன நடந்தது என்று இரண்டு பேரும் எழுதவில்லை.

4

நடந்தது இதுதான். அந்தத் தொடரின் கதையை மெட்ராசில் யாரோ வாங்கிச் சிரிப்புப் படமாக எடுத்துவிட்டார்கள். அதில் கங்காணி ஆள் எண்ணும்போது தன்னையும் சேர்த்து எண்ணிவிடுகிறான். அதனால்தான் ஒன்று கூடுதலாக வருகிறது. செண்பகம் என்று வருவது அந்தத் தடியன். கையை நீட்டிக்கொண்டு, இடுப்பை ஒடித்து ஒடித்து, வாத்து மாதிரி நடப்பான். வழுக்கி விழுவான். தியேட்டரே குலுங்குமாம்.

வீரணன் அதை நான்கு தடவை பார்த்திருக்கிறான். நான்காம் தடவை மேட்னி இடைவேளையில் அண்ணன் அவனைப் பிடித்துவிட்டார். அப்படி என்னதான் எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க அவரும் வந்திருக்கிறார். சோடாக் கடை முன்னால் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தவனிடம், "ஒனக்கு எப்படிடா சிரிப்பு வருது?" என்று கேட்டிருக்கிறார்.

"சிரிக்கத்தானண்ணே எடுத்திருக்கான்."

"எல்லாருக்கும் வரட்டும். ஒனக்கு வரக்கூடாதுடா."

அன்றோடு பேச்சு நின்றது. மதினி செத்து ஐந்து வருஷத்துக்கும் மேலாகச் சொல்லாததை அண்ணன் ஒரு சோடாக் கடையில் சொல்லிவிட்டார்.

ஊர் இதை விடுமா? நான் போய் இறங்கியபோது போடியில் தொடர்க் கட்சி, படக் கட்சி என்று இரண்டு இருந்தன. வெற்றிலை வாங்கப் போனால் நீங்க எந்தக் கட்சி என்று கேட்டார்கள். ஏலக்காய்க் கடை முதலாளி ஒருவர், சீர் சாமான் எடுத்துக்கொண்டிருந்த என்னை நிறுத்தி வைத்து நியாயம் பேசினார். "கங்காணிக்கு எண்ணத் தெரியலன்னு காட்டிப்புட்டா, அப்புறம் பேய்க்கு என்னம்மா மரியாதை? அத்தோட அது செருப்புப் போட்டிருக்கு. தொடர்ல வெறுங்காலு. பேய்க்கு எதுக்கும்மா செருப்பு?"

"முள்ளு குத்தும்ல" என்றான் கடைப் பையன். அவன் படக் கட்சி.

வீரணனைப் பார்க்க ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனால் அங்கேயும் இதுதான். லோடு நிறையட்டும் என்று காத்திருந்த பெண்கள் மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி மலையாளம் கலந்து பேசுகிற மேல் தோட்டத்து முத்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, காலம்பூரா பயந்துக்கிட்டே மலையில சோலி பாக்கப் பற்றுமா? ஒரு நாளு சிரிச்சா செண்பகம் கோவிச்சுக்கவா போறா?" பின்னால் இருந்த ஒருத்தி, "செத்தவளப் பாத்துச் சிரிக்கிறதுக்கு நீ சோலிக்கே போவேணாம்டி" என்றாள். எனக்குத் தலை வெடித்தது. பதினான்கு நாளில் ஐந்து போய்விட்டது.

வீரணன் மட்டும் சண்டையில் சேரவில்லை. "அக்கா, மூத்த மாமன் மடிதான் மொற. நான் வேணாங்கல. குலசாமி கோயிலுக்கு ஜீப்ப ஓட்டிட்டு வர்றேன். ஓரமா நின்னுக்கிறேன். போதுமா?"

"கை யாருடா பிடிக்கிறது?"

அவன் ஸ்டியரிங்கைத் துடைத்தான்.

அண்ணனிடம் போனேன். "அவன் வரட்டும், வேணாங்கல. நான் பாக்காத பக்கமா நிக்கச் சொல்லு" என்றார். பிறந்ததிலிருந்து இரண்டு பேரையும் பார்க்கிறேன். இரண்டு கழுதைகளை ஒரு வாசலில் கட்டியிருந்தாலும் இதைவிட ஒத்துப்போயிருக்கும். அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அண்ணன் கேசட்டைப் போட்டுக்கொண்டார்.

வீரணனின் மனைவிதான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அந்தக் கேசட்டப் போட்டா இவரால உக்கார முடியாது. ஜீப்புல பின்னாடி யாரோ இருக்காங்கன்னு திரும்பித் திரும்பிப் பாப்பாரு, இத்தன வருசமா. அந்தச் சிரிப்புப் படம் பாத்துட்டு வந்த அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனாரு. அதுக்குத்தான் நாலு தடவ போனாரு. இத யாருகிட்டச் சொல்ல?"

நான் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவர் இன்னும் முறுக்கிக்கொள்வார் என்று பயம்.

5

மாலினியைப் பற்றியும் சொல்லவேண்டும். அண்ணன் மருமகளுக்காக இரண்டாம் கேசட்டைப் போட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவள் பொறுமையாக அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்தப் பேய் ஏன் ஒண்ணுமே செய்யல லா?" என்றாள் சிங்கப்பூர் வழக்கத்தில்.

"அங்கிளா? நான் என்ன பஸ்சுக் கண்டக்டரா? மாமான்னு சொல்லு தாயி."

"மாமா, பேய் ஏன் ஒண்ணும் செய்யல?"

"வர்றதே பெருசுல்ல" என்றார் அண்ணன். அவள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் வீரணன் அவளை, தியேட்டரில் மறுபடி போட்டிருந்த அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்து கூடம் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு வாத்து நடை நடந்தாள். அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். எனக்கு வந்த கோபத்தில் மாலினியின் முதுகில் ஒன்று வைத்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? சிரிக்கும் பேயும் சிரிக்காத பேயும் அவளுக்கு டிவியில் வருகிற இரண்டு சேனல், அவ்வளவுதான். மதினியை அவள் பார்த்ததே இல்லை.

6

குலசாமி கோயில் குரங்கணிக்கு மேலே, சரிவில். ஜீப்புதான் போகும். அண்ணன் சொன்னபடி செய்தார். சீர்த்தட்டைத் துண்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்சில் குரங்கணி வரை போய், அங்கிருந்து ஏறி நடந்தார். நாங்கள் ஜீப்பில் அவரைத் தாண்டிப் போனோம். வீரணன் வேகத்தைக் குறைத்தான். அண்ணன் காப்பிச் செடியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மேலே போய்ப் பார்த்தால் ஆலமரத்தடியில் இரண்டு ஆசாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறார், வீரணன் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறான். பேசிக்கொண்டிருந்தால்தானே தெரியும்? அண்ணனும் ஏறி வந்து சேர்ந்தபோது தட்டு இரண்டு, மாலை இரண்டு, பட்டுப்பாவாடை இரண்டு, கிடாயும் இரண்டு. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "ஆளுக்கு ஒரு காது" என்று தீர்ப்புச் சொன்னேன். ஆசாரிகள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாலினி பட்டுப்பாவாடை சரசரக்க அவர் மடியில் உட்கார்ந்தாள். வீரணன் சொன்ன சொல் தவறாமல் ஆலமரத்துக்குப் பின்னால், அண்ணன் பார்வை படாத பக்கம் நின்றான். கையைப் பிடிக்க ஆளில்லை. நானே பிடித்தேன்.

முதல் காது குத்தி முடிவதற்குள் மலை முழுக்கக் கேட்டிருக்கும். ஆசாரியை உதைத்தாள், என்னைக் கடித்தாள். அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துவிட்டாள். அடுத்த ஆசாரி கம்பியோடு காத்திருக்கிறார், காதைக் காட்டமாட்டேன் என்கிறாள். மிட்டாய் காட்டினோம், கிளி காட்டினோம். அழுது அழுது மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நடுவில் "வீரா மாமா, வீரா மாமா" என்று அவனைத்தான் கூப்பிட்டாள். மாமா என்றாள். அதைக் கேட்கத்தானே இத்தனை தூரம் வந்தேன்.

அண்ணன் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"அடேய் வீரணா."

எட்டு மாதத்தில் முதல் தடவை.

"முன்னாடி வாடா. அந்தப் பேய் நடைய நடந்து காட்டு. பிள்ள மூச்சு விடாம அழுவுதுல்ல."

வீரணன் வந்தான். தோளில் கிடந்த துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டான். கையை நீட்டினான். இடுப்பை ஒடித்து ஓர் எட்டு வைத்தான். இன்னோர் எட்டு. மாலினி தலையைத் தூக்கினாள். மூன்றாவது எட்டு வைக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு துண்டை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

"முடியலண்ணே. மதினி மொகம்தாண்ணே வருது. இன்னும் கொஞ்சம் வெரசா ஓட்டியிருக்கணும்ணே."

நாற்பது வயதை நெருங்கும் ஆள் கோயில் முன்னால் நின்று ஏங்கி ஏங்கி அழுதான். மாலினி வாயைத் திறந்தபடி அவனையே பார்த்தாள். பெரிய ஆம்பளை அழுவதை அவள் பார்த்ததே இல்லை. தன் அழுகையை மறந்துவிட்டாள். இரண்டாவது ஆசாரி விவரமானவர், அந்த நேரத்தில் குத்தி முடித்துவிட்டார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு பேரும் இத போன வருசமே பேசித் தொலைச்சிருந்தா என்னடா? பிள்ளை காதுல ரத்தம் வந்தாத்தான் ஒங்களுக்கு வாய் தெறக்குமா?" என்று கத்தினேன். அண்ணன் என்பதால் 'டா' போடக்கூடாது என்பதுகூட மறந்துவிட்டது. கத்திக்கொண்டே நானும் அழுதேன். அண்ணன் வேட்டி நுனியால் மாலினியின் காதை ஒற்றிக்கொண்டிருந்தார்.

பந்தி முடிந்து இறங்கும்போது, யாரும் கூப்பிடாமல், அண்ணன் மாலினியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் நாங்களும் இரண்டு ஆசாரிகளும் பாத்திரங்களும். ஏறிய உடனே ஆசாரிகள் தொடரா படமா என்று ஆரம்பித்துவிட்டார்கள். வீரணன் ஜீப்பை ஊர்ந்தாற்போல ஓட்டினான். நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

முதல் வளைவு திரும்பியதும் அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கும் நீ வெரசாத்தான்டா வந்த. ரோடுதான் நீளம்."

வீரணன் கியரை மாற்றினான்.